எச்சில் காற்று

ஏசிக் காற்று என்று ஒரு காற்று கிடையாது. இருப்பது அறைக்குள் அடைபட்ட காற்று. ஏசி அதைக் குளிர வைக்கிறது, அவ்வளவுதான்.

காரைக்காலில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். "வெளிய ஒரு பெட்டி மாட்டியிருக்கே, அது என்ன சும்மாவா சுத்துது? வெளிக்காத்த இழுத்து ஜில்லுனு ஆக்கி உள்ள அனுப்புது சார்" என்று எனக்குப் பாடம் எடுத்தவர் ஏசி விற்கும் கடையிலேயே வேலை பார்ப்பவர். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் மின்சாரக் கணக்கு இருக்கிறது, காற்றுக் கணக்கு இல்லை. வாங்குகிறவர் கேட்பது டன் எவ்வளவு, நட்சத்திரம் எத்தனை, வாரன்டி எத்தனை வருஷம் என்பதை மட்டும்தான். "இந்த அறைக்குப் புதுக்காற்று எங்கிருந்து வரும்?" என்று கேட்ட வாடிக்கையாளரை அவர் பார்த்ததே இல்லையாம்.

ஸ்ப்ளிட் ஏசி மாட்டும்போது சுவரில் ஒரு ஓட்டை போடுகிறார்கள். அதன் வழியே போவது இரண்டு செம்புக் குழாய், ஒரு மின்கம்பி, தண்ணீர் வடிய ஒரு பிளாஸ்டிக் குழாய். செம்புக் குழாயில் ஓடுவது குளிர்வாயு. உள்ளே இருக்கும் பெட்டி அறைக் காற்றை உறிஞ்சி, குளிர்ந்த சுருள்மேல் ஓடவிட்டு, அதே அறைக்குள் துப்புகிறது. வெளிப்பெட்டி அந்தச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. வெளிப்பெட்டியின் விசிறி இழுப்பதும் தெருக்காற்று, தள்ளுவதும் தெருவுக்கே. இரண்டு காற்றும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. பழைய ஜன்னல் ஏசியில் ஓரமாக ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு சிறு கதவு திறந்து கொஞ்சம் காற்று மாறும். பலர் அதைத் தொட்டதே இல்லை. ஸ்ப்ளிட் வந்ததும் அதுவும் போயிற்று.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு: தேவைப் பட்டியலில் எழுதாத அம்சம் பொருளில் வராது. குளிர்ச்சி, ஈரம் குறைப்பது, புதுக்காற்று, இந்த மூன்றும் மூன்று தனித்தனித் தேவைகள். வில்லிஸ் கேரியர் 1902-இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு வடிவமைத்த எந்திரம் முதலில் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான், ஈரத்தில் காகிதம் நீண்டு சுருங்கி வண்ணங்கள் தடம் மாறி அச்சானதால். அங்கிருந்து நூற்றிருபது வருஷத்தில் நாம் வந்து சேர்ந்த இடம், முதல் இரண்டை மட்டும் செய்யும் பெட்டி மூன்றையும் செய்வதாக நம்புவது. விற்பவன் பொய் சொல்லவில்லை. நாம் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

2

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

வெளிக்காற்றில் இன்று கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. இதைத்தான் 420 பிபிஎம் என்கிறோம். நாம் விடும் மூச்சில் அது ஏறத்தாழ 40,000. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார்.

ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு டியூஷன் சென்டர். மாடியில் இருபதுக்குப் பதினைந்து அடி அறை, பத்தடி உயரம். மொத்தம் 3,000 கன அடி, அதாவது 85 கன மீட்டர். நாற்பது பிள்ளைகள், ஒரு ஆசிரியர். இரண்டு ஏசி. ஜன்னல் இருந்த இடத்தில் பிளைவுட் அடித்து, அதன்மேல் போன வருஷம் மார்க் எடுத்த பிள்ளைகளின் படம் ஒட்டியிருக்கிறது. 41 பேர் நிமிடத்துக்கு 12 லிட்டருக்குமேல் விடுகிறார்கள். பத்து நிமிடத்தில் அறை 420-இலிருந்து 1,800-ஐத் தாண்டும். முழுக்க அடைத்த அறையென்றால் ஒரு மணி நேரத்தில் 9,000. கதவு திறந்து மூடுகிறது, இடுக்கில் கசிகிறது என்பதால் அவ்வளவு ஏறாது. அதில் பாதி என்றே வையுங்கள். 4,000-க்குமேல் நிற்கும் அறையில் ஒரு பிள்ளை உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, இன்னொருவர் நுரையீரலுக்குள் போய்விட்டு வந்தது.

இதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. எச்சில்.

நாம் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறவர்கள். கூடப்பிறந்தவன் கடித்த மாங்காயைக் கழுவித் தின்கிறவர்கள். பந்தியில் எச்சில் கை பட்டுவிட்டால் கரண்டியை மாற்றுகிறவர்கள். எச்சில் என்ற சொல்லைச் சாதியோடு சேர்த்துக் கட்டி, டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த சமூகமும் இதுதான். யார் வாய் பட்ட தம்ளர் என்பதில் இத்தனை கண்ணும் கருத்துமாக இருந்தவர்களுக்கு, நாற்பது பேர் மாறி மாறி உமிழ்ந்த காற்றை இழுப்பதில் ஒரு கூச்சமும் இல்லை. ஏனென்றால் அது குளிராக இருக்கிறது. குளிர்ந்தது சுத்தமானது என்று மூளையில் எங்கேயோ எழுதி வைத்திருக்கிறோம். குளிரில் வியர்வை நாற்றம் குறைவாகத் தெரியும். மிச்சத்துக்கு ரூம் ஸ்பிரே இருக்கிறது.

அந்த டியூஷன் சென்டர் நடத்துபவரிடம் பேசினேன். மரியாதையானவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். "தம்பி, ஏசி இல்லன்னா அட்மிஷனே வராது. ஜன்னலத் தொறந்தா ஏசி எதுக்குன்னு பேரன்ட்ஸே கேக்குறாங்க" என்றார். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. பெற்றோர் காசு கொடுப்பது குளிருக்கு. குளிர் தெரிகிறது, காற்று தெரிவதில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்கு இத்தனை இடம் வேண்டும் என்று சொன்னது: 14.2 கன மீட்டர். அதுவும் தரையிலிருந்து 4.2 மீட்டருக்குமேல் உள்ள உயரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மில் தொழிலாளிக்குச் சட்டம் போட்டவன் குறித்த எண் அது. நம் டியூஷன் பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு கன மீட்டர். அடைத்தும் வைத்தாயிற்று.

3

"கார்பன் டை ஆக்சைடு விஷமா?" என்று கேட்கலாம். இந்த அளவில் விஷம் இல்லை. 2012-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 22 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2,500 பிபிஎம்மில் முடிவெடுக்கும் திறன் கணிசமாகக் குறைந்தது என்றார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவுக்கு வரவில்லை. ஆகவே, 'ஏசி அறையில் படித்தால் பிள்ளை மக்காகிவிடும்' என்று வாட்ஸப் பாணியில் நான் சொல்லப்போவதில்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு ஒரு அளவுகோல். அது ஏறுகிறது என்றால், மூச்சோடு சேர்ந்து வெளிவரும் மற்றதும் ஏறுகிறது.

இதைக் கண்டுபிடித்தது நேற்று இல்லை. 1858-இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் இதைத்தான் எழுதினார். கார்பன் டை ஆக்சைடே தீங்கு என்று அவர் சொல்லவில்லை. காற்று எத்தனை பேரால் அழுக்கானது என்பதற்கு அது அடையாளம், அறையில் ஆயிரம் பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்றார். இன்றுவரை உலகம் சுற்றிச் சுற்றி வருவது அந்த எண்ணுக்கு அருகில்தான். அதே பெட்டன்கோஃபர் காலரா விஷயத்தில் தப்பான பக்கம் நின்று, 1892-இல் காலராக் கிருமி கலந்த திரவத்தைக் குடித்தும் காட்டினார். கெட்ட காற்றுதான் நோய் என்று பேசிய தலைமுறை கிருமிக் கொள்கையிடம் தோற்றது. தோற்றவர்களோடு சேர்த்துக் காற்றையும் மருத்துவ உலகம் ஓரம் கட்டியது. அதற்கான விலையை நாம் 2020-இல் கொடுத்தோம்.

நம் ஊரிலேயே இந்தக் கதைக்கு ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் விடுதியை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் திறந்த காற்றுச் சிகிச்சை விடுதி நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917-இல் அவரிடம் நோயாளியாக இருந்தார். காற்றும் வெயிலும் ஓய்வுமே மருந்து என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அதை உடைத்ததும் சென்னைதான். 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வில், விடுதியில் வைத்து மருந்து கொடுத்தவர்களும் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். 1959-இல் வந்த அந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வைத்தது. காற்று மருந்து அல்ல, மாத்திரைதான் மருந்து என்பது நிரூபணமானது. சரி.

ஆனால் கிட்டத்தட்ட அதே வருடங்களில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் வெல்ஸும் இன்னொன்றை நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றை மட்டும் குழாய் வழியாகக் கொண்டுபோய் கினிப் பன்றிகளின் கூண்டுக்குள் விட்டார்கள். நோயாளியைத் தொடாத, பார்க்காத கினிப் பன்றிகளுக்குக் காசம் வந்தது. காற்று மருந்து அல்ல, ஆனால் காற்றுதான் வழி. இந்த இரண்டாவது பாதியை நாம் மறந்தோம். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அப்படிப்பட்ட நாட்டில், கிளினிக்கின் காத்திருப்பு அறையை ஜன்னலே இல்லாமல் கட்டி ஏசி மாட்டுகிறோம். இருமுகிறவரும், காய்ச்சலுக்கு வந்த குழந்தையும், பிரஷர் பார்க்க வந்த தாத்தாவும் டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் அந்த ஒரே காற்றைப் பங்கு போடுகிறார்கள். நோயாளிகளைக் கேட்டால் "நல்ல ஆஸ்பத்திரி, ஃபுல்லா ஏசி" என்கிறார்கள்.

2020 ஜனவரி 24. சீனாவின் குவாங்சோ நகரில் ஒரு உணவகம். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மூன்று குடும்பங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. அவரோடு சேர்த்து மூன்று மேசைகளிலும் பத்துப் பேருக்கு கோவிட். அந்த மூலையில் ஓடிய ஏசி அந்த மூன்று மேசைகளுக்கு மேலேயே காற்றைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. பிற்பாடு அளந்து பார்த்தபோது ஒருவருக்கு நொடிக்குச் சுமார் ஒரு லிட்டர் வெளிக்காற்றுதான் கிடைத்திருக்கிறது. கிடைக்க வேண்டியது எட்டு, பத்து லிட்டர். அதே வருஷம் மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம் இது காற்றில் பரவாது என்று பதிவு போட்டது. நாம் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினோம். காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டோம். 2021 மே மாதம் ஒன்றிய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், ஜன்னலைத் திறங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், மூடிய அறையில் ஏசி ஓடினால் கிருமி அங்கேயே தங்கும் என்று படம் போட்டு விளக்கி அறிக்கை விட்டது. நல்ல அறிக்கை. அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? சானிடைசர் பாட்டில் மட்டும் இன்னும் கடை வாசலில் காய்ந்துபோய் நிற்கிறது.

4

இந்த இடத்தில் ஒரு கூட்டம் எழுந்து நிற்கும். "அந்தக் காலத்துல முற்றம் இருந்துச்சு, திண்ணை இருந்துச்சு, நம்ம முன்னோர் முட்டாள் இல்ல" என்பார்கள். அவர்களிடமிருந்து நான் விலகி நிற்க விரும்புகிறேன்.

முற்றம் வேலை செய்தது, உண்மை. வாசலில் நின்றால் ரேழி, கூடம், முற்றம் தாண்டிக் கொல்லைக் கிணறு தெரிகிற வீட்டில் காற்றுக்கு நேர்வழி உண்டு. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறும், தாழ்வாரத்திலிருந்து குளிர்ந்தது உள்ளே வரும். பிரெஞ்சுக்காரர்கள் 1739-லிருந்து இருநூறு வருஷத்துக்குமேல் காரைக்காலை வைத்திருந்தார்கள். அவர்கள் காலத்துப் பாணியில் கட்டிய வீடுகள் சில மிச்சம் இருக்கின்றன. உயரமான கூரை, ஆளுயர ஜன்னல், சாய்த்து அடித்த பலகைகள். அந்தப் பாணியும் வேலை செய்தது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளை அளந்து 2007-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில், ஜன்னலைத் திறந்து வைத்தபோது, எந்திரக் காற்றோட்டம் உள்ள நவீன அறைகளைவிட அதிகமாகக் காற்று மாறியது.

ஆனால் முற்றம் வைத்த வீடு யாருடையது? ஊரில் எத்தனை பேருக்கு அது இருந்தது? குனிந்து நுழையும் குடிசைக்கு ஜன்னலே கிடையாது. முற்றம் வைத்த வீட்டிலும் அடுப்படி கடைசியில், புகை நடுவில், பெண்களுக்கு. அதை 'முன்னோர் அறிவியல்' என்று புல்லரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, வெயில் பழைய வெயில் இல்லை. சித்திரை வைகாசியில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமான நாளில், ஈரமும் வெக்கையும் சேர்ந்து வியர்வை காயாத மதியத்தில், இதயநோய் உள்ள ஒரு பாட்டிக்கு ஏசி ஆடம்பரம் அல்ல, உயிர். ஏசி வேண்டாம் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதை ஏசி அறையில் உட்கார்ந்துதான் சொல்கிறார்கள்.

நான் கேட்பது ஏசியும் காற்றும். இரண்டையும்.

பழையதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றே ஒன்று இருக்கிறது, அது சொல். ஜன்னலுக்குப் பழந்தமிழ்ப் பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிச்சத்துக்கோ வேடிக்கை பார்ப்பதற்கோ அல்ல, காற்று வரும் வழி என்றே பெயர் வைத்தார்கள். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கு என்றால் தென்றல், மேற்கு கோடை, வடக்கு வாடை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில், நான்கு காற்றுக்கும் நான்கு பெயர் வைத்த மொழியைப் பேசிக்கொண்டு, நான்கு திசையையும் அலுமினியப் பேனல் அடித்து மூடிக்கொண்டிருக்கிறோம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, எங்கள் ஊரைப் போன்ற ஈர வெப்பப் பகுதியில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. வரைபடத்தில் அது இருக்கும். அனுமதி வாங்கிய பிறகு திறக்காத கண்ணாடி மாட்டி, முகப்பில் பேனல் அடித்து, அதன்மேல் கடைப் பெயர்ப் பலகையை ஏற்றினால் கதை முடிந்தது. எந்த அதிகாரியும் வந்து ஜன்னல் திறக்கிறதா என்று பார்ப்பதில்லை.

5

எதிர்க்கட்சி வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கரண்ட் பில் எகிறும்." இதுதான் முதலும் முக்கியமானதும். நியாயமான கேள்வி, அதனால் எண்ணிலேயே பதில் சொல்கிறேன். காரைக்கால் மாதிரி கடற்கரை ஊரில் வெளிக்காற்றைக் குளிர்விப்பது செலவுதான், சூட்டைவிட ஈரத்தால். வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரம் என்று வைப்போம். உள்ளே 25 டிகிரி, 55 சதவீதம். ஒரு கிலோ காற்றை உள்ளே கொண்டுவர அதிலிருந்து 12 கிராம் தண்ணீரைப் பிழிய வேண்டும். ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று கொடுக்க சுமார் 0.43 கிலோவாட் குளிரூட்டல் தேவை. சுமாரான ஏசி அதற்கு எடுக்கும் மின்சாரம் 0.12 கிலோவாட். எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். வணிகக் கட்டணத்தில் போட்டாலும் பத்து ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வரும். ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க எச்சில் இல்லாத காற்றை மூச்சுவிட ஆகும் செலவு, அவர் குடிக்கும் ஒரு டீ. அந்த டீயை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவும்.

இதே கஞ்சத்தனத்தை அமெரிக்கா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரம் மிச்சம் பண்ணக் கட்டடங்களை இறுக்கி மூடினார்கள். 1981-இல் அந்நாட்டுக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் விதி, அலுவலகத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஐந்து கன அடி வெளிக்காற்று போதும் என்று இறங்கியது. தலைவலி, கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு என்று அலுவலகம் அலுவலகமாகப் புகார். நோயுற்ற கட்டடம் என்ற பெயரே அப்போது பரவியதுதான். 1989-இல் குறைந்தபட்ச அளவை மூன்று மடங்காக்கி 15 கன அடி என்று மாற்றினார்கள். அவர்கள் தப்புப் பண்ணித் திருத்திக்கொண்டதை நாம் தவணைமுறையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

"வெளிக்காத்து மட்டும் சுத்தமா?" இல்லைதான். வாஞ்சூர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் தூசி பற்றி நாகூர்ப் பக்கத்து மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். பிரதான சாலையில் டீசல் புகை. ஆனால் தூசிக்கு வடிகட்டி இருக்கிறது. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் சின்ன விசிறிகள் சந்தையில் கிடைக்கின்றன. வெளியே அழுக்கு என்பது வடிகட்டுவதற்கான காரணம், மூடிவிடுவதற்கான காரணம் அல்ல. மூடிய அறையில் வெளித் தூசி குறையலாம், உள்மூச்சு கூடும்.

"கொசு?" வலை அடியுங்கள். இதற்குமேல் இந்தக் கேள்விக்கு நேரம் செலவிட வேண்டாம்.

"ஏர் பியூரிஃபையர் வச்சிருக்கோம்." அது தூசியையும் கிருமித் துகளையும் ஓரளவு பிடிக்கும். நல்லதுதான், வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது, வாடையை முழுக்கப் பிடிக்காது. புதுக்காற்றுக்கு மாற்று அல்ல.

"இத்தனை நாளா இப்படித்தானே இருக்கோம், யாரு செத்தா?" யார் செத்தார்கள் என்று 2021-இல் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

6

கடைசியாக, இந்தக் காற்றை யார் அதிக நேரம் மூச்சுவிடுகிறார்கள் என்ற கேள்வி.

ஏசி ஜவுளிக் கடைக்கு நாம் ஒரு மணி நேரம் போகிறோம். அங்கே புடவை பிரித்துப் போடும் பெண் காலையிலிருந்து இரவுவரை நிற்கிறார். தீபாவளிக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் வந்து விட்டுப்போகும் மூச்சு அவர் பங்கு. திருநள்ளாற்றுக்கு வரும் பக்தர் ஏசி அறையில் ஒரு இரவு தங்குகிறார். விடுதியின் ஜன்னலில்லாத வரவேற்பறையில் அமர்ந்திருக்கும் பையன் வருஷம் முழுக்க. மென்பொருள் அலுவலகங்களில் நிலைமை மேல் என்று நினைக்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சென்னை அலுவலகத்தில் மத்தியக் குளிரூட்டல் இருந்தது, வெளிக்காற்றை உள்ளே விடும் கதவும் இருந்தது. பில் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு, அதனால் அதை மூடி வைத்திருப்பதாகப் பராமரிப்பு ஆள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். மாலை நாலு மணிக்கு மொத்தத் தளமும் கொட்டாவி விடும். நிர்வாகம் அதற்குக் கண்டுபிடித்த தீர்வு, இன்னொரு காபி எந்திரம்.

2021-இல் தமிழ்நாடு அரசு கடைகளில் வேலை செய்பவர்கள் உட்காருவதற்கு உரிமை உண்டு என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018-இலேயே செய்தது. நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்ட நாட்டில் காற்றுக்கும் சட்டம் தேவைப்படும் என்பதில் ஆச்சரியம் இல்லை. ஜப்பானில் 1970-லிருந்து பெரிய கட்டடங்களுக்குச் சட்டம் இருக்கிறது: கார்பன் டை ஆக்சைடு ஆயிரம் பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். பெல்ஜியம் 2022-இல் மக்கள் கூடும் உள்ளிடங்களின் காற்றுக்கென்றே சட்டம் இயற்றியது. நம் அரசுக்கும் ஏசியில் தலையிடத் தெரியும். 2020 ஜனவரி முதல் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வர வேண்டும் என்று விதி போட்டார்கள். மின்சாரத்துக்காகப் போட முடிந்த விதியை மூச்சுக்காகப் போட முடியாதா?

காரைக்கால் சின்ன ஊர். 2011 கணக்கெடுப்பில் மாவட்டம் முழுக்க இரண்டு லட்சம் பேர். பெட்ரோலுக்கும் மதுவுக்கும் சுற்று வட்டாரமே எல்லை தாண்டி இங்கே வருகிறது. ஒரு நல்ல விதிக்காகவும் நம்மைத் திரும்பிப் பார்க்கட்டுமே. கேட்பது மூன்று. பள்ளி, டியூஷன், கிளினிக், கல்யாண மண்டபம், ஜவுளிக் கடை, எதுவானாலும் ஏசி மாட்டிய பொது இடத்துக்கு ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும்போது நகராட்சி எக்ஸாஸ்ட் ஃபேனும் திறக்கும் ஜன்னலும் இருக்கிறதா என்று நேரில் பார்க்கட்டும். நான் கணக்குச் சொன்ன டியூஷன் அறைக்கு மணிக்குச் சுமார் 1,250 கன மீட்டர் காற்று மாறினால் ஆயிரம் பிபிஎம்முக்குள் நிற்கும். 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டும், எதிர்ச்சுவரில் காற்று உள்ளே வர வலை அடித்த திறப்பும் அதைச் செய்துவிடும். அதற்கு ஆகும் பணம், ஜன்னலை மூட வாங்கிய பிளைவுட்டின் விலையைவிடப் பெரிதாக இருக்காது.

இரண்டாவது, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் உணரி வைத்ததாக இருக்க வேண்டும். மலிவாக விற்கும் சிலவற்றில் அந்த உணரி இருப்பதில்லை, ஊகித்து ஒரு எண்ணைக் காட்டும். திரையில் எண் தெரியாத கோளாற்றை யாரும் சரிசெய்வதில்லை என்பது என் தொழிலில் தினமும் பார்ப்பது. குளிர் ரிமோட்டில் தெரிகிறது, அதனால் அதற்குச் சண்டை போடுகிறோம். காற்றும் எண்ணாகத் தெரிந்தால் அதற்கும் சண்டை போடுவோம்.

மூன்றாவது நகராட்சிக்கு அல்ல, காசு கொடுக்கிற நமக்கு. பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது "ஏசி இருக்கா?" என்று கேட்கிறீர்கள் அல்லவா, அடுத்த மூச்சில் "புதுக்காத்து எந்த வழியா வருது, காட்டுங்க" என்று கேளுங்கள். அந்த டியூஷன்காரர் என்னிடம் சொன்னதை மறுபடி நினைத்துப் பாருங்கள். பெற்றோர் கேட்டதால்தான் ஏசி வந்தது, பெற்றோர் கேட்டதால்தான் ஜன்னல் மூடியது. பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் அந்தப் பிளைவுட் ஒரே நாளில் இறங்கும். போன வருஷப் பிள்ளைகளின் படத்தை வேறு சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.